செனோபியாவும் ரொட்டி வண்டி எஞ்சினும்

ஓடிப்போனாளாம்! மெக்கானிக்கோடு ஓடிப்போனாளாம்! தபால் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு ரமோன்சிட்டா இதை யாரிடம்தான் சொல்லவில்லை? அந்த மெக்கானிக் லியாண்ட்ரோ இன்று காலையிலும் தன் கொட்டகையில், ஒரு டிராக்டருக்கு அடியில், கால் மட்டும் வெளியே தெரியப் படுத்துக் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி பெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். ஓடிப்போனவன் எப்படி இங்கே கிடப்பான்? இதைக் கேட்டால் ரமோன்சிட்டா, "அப்போ தனியா ஓடியிருப்பா" என்கிறாள். தனியாகப் போனால் அதற்குப் பெயர் ஓடுவதா? அதுவும் செனோபியாவின் வண்டியிலா? அந்த வண்டி நாற்பத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டாது. அது கிளம்பினால் பள்ளத்தாக்கின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நாய்கள் எழுந்து உட்காரும். அப்படிப்பட்ட வண்டியில் ஏறி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தபால் ஆபீஸைத் தாண்டி, ரமோன்சிட்டாவுக்கே கையசைத்துவிட்டுப் போனவளை ஓடிப்போனவள் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும். நடுவில் குறுக்கே பேசக் கூடாது.

செனோபியாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அவள் புருஷன் ஒனோஃப்ரே போன அக்டோபரில், விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர் ரீட்டோ செக்கோவில் அவர்கள் இருந்த வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக வந்தது. அண்ணன் மெலிட்டோன் தன் மனைவி ப்ருடென்சியாவோடு அதே வீட்டில் இருந்தார். தம்பி போன மறு வாரமே முன்னறை அண்ணனுடையது ஆயிற்று. செனோபியாவின் கட்டில் சமையலறைக்குப் பின்னால், மிளகாய்ச் சரங்களும் மாவு மூட்டைகளும் இருக்கும் அறைக்குப் போயிற்று. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுப்பு மட்டும் அவளுடையது ஆகிவிட்டது, பாத்திரமும் அவளுடையது, போக வர சமையலறைக் கதவும் அவளுடையது.

ஆறு மைல் மேலே, பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில், அவள் அம்மாவின் இரண்டு அறை வீடு பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகாது. ஆனால் அங்கே போய் எதைத் தின்பது? அந்த மேட்டில் ஒரே பிழைப்பு விறகுதான். காட்டில் காய்ந்து விழுந்த பைன் மரங்களை அறுத்து, ஏற்றி, கீழே டவுனில் விற்க வேண்டும். அதற்கு ஒரு வண்டி வேண்டும். வண்டி இருந்தது, செத்துப்போய்.

அது எழுபத்திரண்டாம் வருடத்துப் பச்சைப் பிக்கப் வண்டி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. வண்டியின் உரிமைச் சீட்டில் இருவர் பெயரும் உண்டு. ஓட்டியதெல்லாம் ஒனோஃப்ரேதான். அவன் போன பிறகு மெலிட்டோன் அதை எடுத்து வைக்கோல் ஏற்றினார். ஜனவரிக் குளிரில் எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து, எஞ்சின் பிளாக் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்துவிட்டது. குளிருக்கு உறையாத பச்சை மருந்தை ரேடியேட்டரில் ஊற்றி வைத்தால் இப்படி ஆகாது, ஊரில் எல்லோருக்கும் தெரியும். மெலிட்டோன் பூசைக்கு வந்தவர்களிடம் கோயில் வாசலிலேயே சொன்னார்:

"என் தம்பி வெறும் தண்ணிய ஊத்தி வச்சிட்டுப் போய்ச் சேர்ந்துட்டான். பாவம், கடைசி காலத்துல நெனப்பே சரியில்ல அவனுக்கு."

செனோபியா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒனோஃப்ரே கோடையில்கூடப் பச்சை மருந்தை வடிக்கமாட்டான். அவளுக்குத் தெரியும். ஆனால் பிளந்த எஞ்சினில் எல்லாம் ஒழுகிப் போயிருந்தது. எதைக் காட்டி வாதாடுவது?

மார்ச்சில் வாய்க்கால் தூர் எடுக்கிற நாள் வந்தது. தண்ணீர்ப் பங்கு உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஆளை அனுப்ப வேண்டும். ஒனோஃப்ரேயின் பங்குக்கு செனோபியாவே மண்வெட்டியோடு வந்து இறங்கினாள். முப்பது பேர் வரிசையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மதிய ரொட்டிக்குக் கரையில் உட்கார்ந்தபோது அவள் மெலிட்டோனிடம் கேட்டாள்.

"அத்தான், அந்தப் பச்சை வண்டியை எனக்குக் குடுத்துடுங்க."

"எதுக்கு? கோழி அடைக்கவா?"

கரை முழுக்கச் சிரித்தது.

"விறகு ஏத்த."

"எஞ்சினுக்குப் பதிலா யாரு இழுப்பா? நீயா?"

"வேற எஞ்சின் போடுறேன். டீசல் எஞ்சின்."

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. அந்த வருடம் கோயில் பொறுப்பு மெலிட்டோனுடையது. சாவி அவர் இடுப்பில் தொங்கியது. சிரிப்புக்கு நடுவே அவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. மே பதினைந்தில் இசிதோர் திருநாள். உழவர்களின் புனிதரான அவருடைய சுரூபத்தை, ஏர் மாடுகளோடும் பின்னால் நின்று ஏர் பிடிக்கும் றெக்கை வைத்த சம்மனசோடும், வண்டியில் ஏற்றி வயல் வயலாக மேல் மடை வரைக்கும் கொண்டுபோய்த் திரும்புவார்கள். மூன்று மைல் ஏற்றம். ஜனங்கள் நடக்கிற வேகத்தில் வண்டி ஊர வேண்டும். முந்தின வருடம் இதே பச்சை வண்டிதான் போனது. செம்மண் மேட்டில் பெட்ரோல் எஞ்சின் கொதித்து நின்று, சுரூபத்தை ஆண்கள் தோளில் சுமந்து இறக்கினார்கள்.

"சரி, எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் மெலிட்டோன். "திருநாளுக்கு இவ வண்டி சாமியை மேல் மடை வரைக்கும் ஏத்திட்டுப் போய்த் திரும்பி வரட்டும். வழியில ஒரு தடவைகூட எஞ்சின் அணையக் கூடாது. அணையலன்னா சீட்டுல கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அணைஞ்சுதுன்னா மறுவாரமே பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

"சம்மதம்" என்றாள் செனோபியா. முப்பது மண்வெட்டிகள் சாட்சி.

டவுனுக்கு வெளியே, பழைய வண்டிகள் கிடக்கும் இடத்தில் ஒரு ரொட்டி வண்டி இருந்தது. பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி இறக்கும் பெட்டி வண்டி. பெரிய மரம் ஒன்று விழுந்து அதன் கூரை தரைக்கு வந்துவிட்டது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. நாலு சிலிண்டர் டீசல். செனோபியா ஒனோஃப்ரேயின் சேணத்தைக் கொடுத்து அதை வாங்கினாள். இதற்கும் ஊர் பேசிற்று, புருஷன் சேணத்தை விற்றுவிட்டாள் என்று. குதிரை செத்து ஒன்பது வருடம் ஆகிறது. சேணத்தை யார்மேல் போடுவது, மெலிட்டோன்மேலா?

லியாண்ட்ரோவின் மகளுக்கு ஞானத்தாய் செனோபியாதான். அதனால் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. அந்த உறவு எங்கள் பக்கத்தில் ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அதற்குள் போய் அழுக்கைத் தேடுகிறவர்களை என்ன சொல்வது! கொட்டகையில் அவர்கள் வேலை செய்த ஏழு வாரமும் பெனிட்டா கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஒருநாள் ரமோன்சிட்டா முட்டை கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பெனிட்டா, ரெண்டு பேரும் வண்டிக்கு அடியிலயா?"

"ஆமா. என் புருஷன் கால் இந்தப் பக்கம், அவ கால் அந்தப் பக்கம். நடுவுல எழுநூத்தம்பது பவுண்டு எஞ்சின் தொங்குது. நீயும் வேணா படுத்துப் பாரு."

ரமோன்சிட்டா முட்டையை மறந்துவிட்டுப் போனாள்.

பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே வைத்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. பிளாக்கின் பக்கத்திலிருந்த மூடி ஒன்றை லியாண்ட்ரோ தட்டி எடுத்தான். உள்ளே களிமண் சேறு, புல் வேர், சேற்றில் துவரம்பருப்பு அளவுக்கு மூன்று நத்தை ஓடுகள். லியாண்ட்ரோ அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"கொமாத்ரே, இது வாய்க்கால் நத்தை."

செனோபியாவுக்குப் புரிந்துவிட்டது. வைக்கோல் ஏற்றிய நாட்களில் ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. மெலிட்டோன் பச்சை மருந்துக்கு டவுனுக்குப் போக அலுத்துக்கொண்டு வாய்க்காலில் ஒரு வாளி மொண்டு ஊற்றியிருக்கிறார், அப்புறம் மறந்திருக்கிறார்.

"இப்பவே போய்ச் சொல்லிடலாம். வாங்க" என்றான் லியாண்ட்ரோ.

"சொன்னா சண்டையில ஜெயிப்பேன். வீம்புக்கு வண்டியைத் தரமாட்டாரு. எனக்கு வண்டி வேணும்."

நத்தைகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

டீசல் எஞ்சின் கனத்தில் முன்பக்கம் தாழ்ந்தது; பெரிய லாரியின் பட்டா ஸ்பிரிங்கைப் போட்டு நிமிர்த்தினார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் ஒரு கனத்த தகடு வெட்டித் துளை போட்டுச் சேர்த்தார்கள். ஆயில் தேங்கும் அடித்தொட்டி அச்சில் இடித்தது. அதை அறுத்துக் குறுக்கி ஒட்டினார்கள். அறுத்தது, ஒட்டியது பாதி செனோபியாவின் கை. அவள் வெல்டிங் கோடு லியாண்ட்ரோவுடையதைவிட நேராக இருக்கும். அவனே சொல்வான்.

தகராறு வந்தது எஞ்சினை உட்கார வைக்கிற இடத்தில்தான். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வேண்டும் என்றான் லியாண்ட்ரோ. டவுனில் சொல்லி வைத்தால் வர மூன்று வாரம் ஆகும். திருநாளுக்கு இருந்ததோ பத்து நாள். வாய்க்காலின் பழைய மடைக் கதவு, அரை அங்குல இரும்பு, கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. செனோபியா அதைக் காட்டினாள்.

"இதை வெட்டி வச்சு ஒட்டிடுவோம்."

"இரும்பு மேல இரும்பா? வேணாம் கொமாத்ரே."

"முப்பது வருஷம் வெள்ளத்தையே தாங்குச்சு. எஞ்சினைத் தாங்காதா?"

"தாங்கும். தாங்குறதில்ல பிரச்சனை. ஆட்டம்தான் பிரச்சனை. நாலு சிலிண்டர் டீசல் கழுதை மாதிரி உதறும்."

"உதறட்டும். நான் என்ன முட்டையா ஏத்தப் போறேன்?"

அவள் ஒன்று நினைத்துவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. மடை இரும்பு எஞ்சினுக்குக் கீழே போயிற்று.

டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, முதல் தடவை ஸ்டார்ட் செய்த அன்று கோழிகள் மரத்தில் ஏறின. வண்டியின் முன் மட்கார்டில் பெனிட்டா வைத்திருந்த பீன்ஸ் கிண்ணம் தானாக நடந்து ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் லியாண்ட்ரோ.

"ஓடுதுல்ல? போதும்" என்றாள் அவள்.

ரொட்டி வண்டி எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றும். அதோடு பச்சை வண்டியின் பழைய பல்சக்கரங்கள் சேர்ந்ததில் வேகம் நாற்பத்தைந்தோடு நின்றுவிட்டது. ஊர்ப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செனோபியா அதைப் பொருட்படுத்தவில்லை. வேகத்துக்கு அவள் ஆசைப்படவே இல்லை.

திருநாள் வெள்ளிக்கிழமை வந்தது. கம்பளி விரித்து, சுரூபத்தைக் கயிறு கட்டி நிறுத்தி, மாடுகளையும் சம்மனசையும் அதன் காலடியில் வைத்தார்கள். டவுனிலிருந்து வந்த சாமியார் முன்னால் நடந்தார், கொடியோடு மெலிட்டோன், பின்னால் ஊர். செனோபியா முதல் கியரைப் போட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி தன்பாட்டில் ஏர் மாடு நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. பாட்டு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. செம்மண் மேடு வந்தபோது எல்லோரும் பாடுவதை விட்டுவிட்டு வண்டியையே பார்த்தார்கள். சத்தம் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். அதே வேகத்தில் மேலேறியது. இரண்டு மூன்று ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சாமிக்கா எஞ்சினுக்கா, யாருக்குத் தெரியும்.

மேல் மடையில் தண்ணீரை மந்திரித்துத் திரும்பினார்கள். இறக்கத்தில் இரண்டாவது மடைக்குப் பக்கத்தில் ரமோன்சிட்டாவின் அலறல் எஞ்சினையும் மீறிக் கேட்டது.

"ஐயோ! சம்மனசோட றெக்கை!"

உதறி உதறி, சம்மனசின் இடது றெக்கை தோளோடு கழன்று ரோட்டில் கிடந்தது. ஊர்வலம் நின்றது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். செனோபியா கியரை எடுத்துவிட்டு, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிட்டே இறங்கினாள். றெக்கையை எடுத்துப் புழுதியைத் துடைத்து ஏப்ரன் பையில் போட்டாள். மறுபடி ஏறினாள். கோயில் வாசல் வரை எஞ்சின் ஒரு தடவைகூட அணையவில்லை.

வாசலில் மெலிட்டோன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாமியே வேண்டாம்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழமை இரும்புக்காரன் வருவான்."

"சாமி ஒண்ணும் சொல்லல. எஞ்சின் அணைஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"ஊர்வலம் நின்னுச்சா இல்லையா?"

"நின்னது உங்க கால், அத்தான். எஞ்சின் இல்ல."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. மெலிட்டோன் றெக்கை போன சம்மனசை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டு, கோயிலைப் பூட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். மார்ச்சில் சாட்சியாக நின்ற முப்பது மண்வெட்டிகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. றெக்கை உடைந்த இடத்தில் யார் பேசுவார்கள்?

சனிக்கிழமை காலையில் செனோபியா லியாண்ட்ரோவின் கொட்டகைக்கு வந்தாள். தன் பேரில் தப்பு என்று அவள் சொன்னது இப்படித்தான்:

"ரப்பரை எவ்வளவு கனத்துல வெட்டணும்?"

"ரெண்டு அங்குலம்" என்றான் அவன். அப்பவே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை, நல்லவன். மாட்டுக் கொட்டிலில் விரிக்கும் ரப்பர் விரிப்பை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மடை இரும்பை அறுத்தெடுத்த இடத்தில் வைத்து முடுக்கினார்கள். ஸ்டார்ட் செய்ததும் பெனிட்டா பீன்ஸ் கிண்ணத்தை மட்கார்டில் வைத்துவிட்டு, கைகட்டி நின்று பார்த்தாள். கிண்ணம் நடுங்கியது, நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். செனோபியா சிவப்பு மிளகாய்க் குழம்பும் ரொட்டியும் பரிமாறினாள். மெலிட்டோன் தட்டுக்கு வலதுபக்கம் வண்டிச் சீட்டையும் பேனாவையும் வைத்தாள். இடதுபக்கம் கைக்குட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"என்ன இது?"

"உங்க நத்தை. எஞ்சினுக்குள்ள இருந்துச்சு."

மெலிட்டோன் ரொட்டியைக் கிழித்தார். "ஒனோஃப்ரே ஊத்தின தண்ணியில வந்திருக்கும்."

"அவர் வாய்க்காத் தண்ணிய ஊத்துவாரா? உங்க தம்பியை உங்களுக்குத் தெரியாதா?"

"செத்தவன் பேச்சு இப்ப எதுக்கு? சம்மனசு றெக்கை உடைஞ்சிருக்கு ஊர்ல..."

"றெக்கையை ஒட்டிடலாம். ஒட்டியும் வச்சிருக்கேன். பிளந்த எஞ்சினுக்குப் பசை இருந்தா சொல்லுங்க."

பத்து வருடமாக அந்த மேசையில் ப்ருடென்சியா உப்புக் கேட்பதற்கு மேல் பேசியதில்லை. அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"என் நீல வாளியைத்தான் எடுத்துட்டுப் போனீங்க. திரும்பி வந்தப்ப சேறா இருந்துச்சு. நான்தான் கழுவினேன். கையெழுத்தைப் போடுங்க, குழம்பு ஆறுது."

மெலிட்டோன் மூன்று ஓடுகளையும் விரலால் ஒரு பக்கம் தள்ளினார். கோபமா வெட்கமா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அழுத்திப் போட்டதில் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றாள் செனோபியா. "அவர் வெறும் தண்ணிய ஊத்தி வச்சாருன்னு இனிமே எங்கயும் சொல்லாதீங்க."

"சொல்லல."

அவர் சொல்லவும் இல்லை. அதற்கான பெருமை அவருக்கு உண்டு. ஆனால் உண்மை இன்னதென்று ஊருக்குச் சொல்லவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் ரமோன்சிட்டா புகுந்துகொண்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மேட்டிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போக வண்டியில் ஏறியவை: ஒரு கட்டில், இரண்டு பானை, மரம் அறுக்கும் மிஷின், அந்தக் கோடரி, ஒரு மூட்டை பீன்ஸ், மூன்று மிளகாய்ச் சரம், ஒனோஃப்ரேயின் தொப்பி. ப்ருடென்சியா சூடான ரொட்டிகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஒட்டின றெக்கையோடு சம்மனசை மெலிட்டோனே கோயிலுக்கு எடுத்துப் போயிருந்தார். இரும்புக்காரனுக்கு வரவேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பியும் இருந்தார்.

முற்றத்தில் எஞ்சின் சூடேறிக்கொண்டிருந்தது. செனோபியா காபிக் கோப்பையை மட்கார்டில் வைத்து, கயிறுகளை இழுத்துக் கட்டி, திரும்ப வந்து எடுத்துக் குடித்தாள். கோப்பை அந்த வீட்டுடையது. அதைக் கழுவி வைக்க ஒருதரம் உள்ளே போனாள்; கழுவினாள்; அலமாரியில் கவிழ்த்தாள். சமையலறைக் கதவு பக்கத்திலேயே திறந்துதான் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்னறைக்குள் நுழைந்து, மெலிட்டோனின் நாற்காலியைத் தாண்டி, அக்டோபரிலிருந்து தொடாத முன்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி, அந்த வழியாக வெளியே நடந்தாள்.